மாங்காய்க் கூடையும் சராசரிக் கணக்கும்

மாங்காய்க் குவியலுக்கு விலை பேச வரும் வியாபாரி மேலே அடுக்கியுள்ள காய்களை மாத்திரம் பார்த்துத் திருப்தி அடைவதில்லை. அடியிலும் நடுவிலும் கைவிட்டு நாலைந்தை எடுத்துப் பார்ப்பார். கிருஷ்ணகிரி ஜில்லாவில் தோட்டம் வைத்திருக்கும் அங்கத்தினர் யாவரும் இதை அறிவர். இதே விஷயம் புள்ளியியல் என்ற பெயரோடு பள்ளிக்கூடத்தில் வரும்போது மட்டும் பிள்ளைகள் மிரளுகின்றனர். கரும்பலகையில் எழுதப்படும் எண்கள் எந்தப் பொருளுடையவை என்று அவர்களுக்குத் தெரியாமையே காரணம்.

நடுநிலைப் பள்ளிக் கணக்கில் சராசரி, இடைநிலை, முகடு என்பவை வருகின்றன. அவற்றைக் கற்பிக்கப் பணச்செலவு வேண்டியதில்லை. முதலில் வகுப்பிலுள்ள பெஞ்சு ஒன்றை எல்லாப் பிள்ளைகளும் தத்தம் கையால் சாண் போட்டு அளக்கட்டும். பெஞ்சு ஒன்றே, விடைகளோ பல. பிறகு அளவுகோல் கொண்டு மில்லிமீட்டர் வரை அளந்தால் வேற்றுமை குறையும். ஆயினும் முற்றிலும் மறையாது. ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தகப்பன்மாருக்கு இது புதிதன்று. இயந்திர உறுப்புகளை அளந்து, ஏற்கத்தக்க வேற்றுமை எது, தள்ளவேண்டியது எது என்று பார்ப்பது அங்கே அன்றாட வேலை. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் இப்பகுதியில் பலர். பாஷைத் தடை சிறிதும் இல்லாத பாடம் இது.

அடுத்தது தராசு. பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கும் மாங்காயில் ஐந்தை நிறுத்ததாக வைத்துக்கொள்வோம்: 300, 310, 320, 330, 740 கிராம். சராசரி 400. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த நிறையுள்ள காய் கூடையில் ஒன்றுகூட இல்லை. வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதை எடுத்தால் 320. கூடையின் உண்மை நிலைக்கு இதுவே அண்மையானது. ஒரு பெரிய காய் சராசரியை எவ்வளவு தூரம் இழுத்துவிடுகிறது என்பதை, அந்தக் காயைக் கையில் தூக்கிப் பார்த்த பிள்ளை மறப்பதில்லை.

மூன்றாவது பாடமே அங்கத்தினர் விசேஷமாய்க் கவனிக்கத்தக்கது. 2016 முதல் நடந்துவரும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், வறட்சி முதலியவற்றால் விளைச்சல் குறைந்தால், நஷ்டஈடு பெரும்பாலும் ஒவ்வொருவர் வயலையும் தனித்தனியே பார்த்து முடிவு செய்யப்படுவதில்லை. வட்டாரத்தில் சில வயல்களில், நெல்லாயின் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமுமுள்ள துண்டு அளந்து அறுத்து நிறுத்து, அதிலிருந்து சராசரி காண்கிறார்கள். அத்துண்டு எவர் விருப்பத்துக்கும் இடமின்றித் தெரிந்தெடுக்கப்பட வேண்டும். செழித்த மூலையில் அறுத்தால், காய்ந்த வயலுக்குரியவருக்குப் பணம் வராது. 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஸ்தாபித்த மகாலனோபிஸ் வங்காளத்தில் சணல் சாகுபடியைக் கணக்கிட முயன்றபோதும், சிலவற்றைப் பார்த்து முழுவதையும் எப்படி நம்பத்தக்க விதமாய் அறிவது என்பதே பிரச்னை.

பிள்ளைகள் இதைக் கேழ்வரகுக் கொல்லையிலேயே செய்து பார்க்கலாம். ஒரு மீட்டர் சதுரக் கயிற்றுச் சட்டம் ஒன்று போதும். முதலில் அவர்களே இடம் பார்த்துச் சட்டத்தை வைத்துக் கதிர்களை எண்ணட்டும். பிறகு கொல்லையைக் கட்டங்களாகப் பிரித்து, சீட்டெடுத்து வந்த கட்டங்களில் எண்ணட்டும். பயிர் நன்றாய் நிற்கும் இடத்துக்குக் கால்கள் தாமே போகும். முதல் எண் உயர்ந்திருந்தால் எவரும் ஏமாற்றியதாகப் பொருளில்லை. உபாத்தியாயர் இதைச் சொல்லிவிடாமல், பிள்ளைகளே கண்டுகொள்ளும் வரை பொறுத்திருப்பது நலம்.

மகாலனோபிஸ் பிறந்த ஜூன் 29-ஆம் தேதி 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினமாய் அனுஷ்டிக்கப்படுகிறது. மாங்காய்ப் பருவத்திலேயே அது வருவதால் கூடைக்குக் குறைவிராது. சங்கத்தில் தராசு இருந்தால் அன்று ஒரு வேளை பள்ளிக்குக் கொடுத்துதவலாம். பிள்ளைகள் எண்களைப் பென்சிலால் எழுதி அழிக்காமல், மையால் எழுத வேண்டும். தவறு நேர்ந்தால் ஒரே கோட்டால் அடித்து, காரணத்தைப் பக்கத்தில் குறிக்க வேண்டும்.