ஊர் கூடினால் – 9: கணக்குக் காட்டாதவரின் மச்சான்

கிராம சபை செல்லுபடியாக எத்தனை பேர் வரவேண்டும் என்று போன வாரம் பார்த்தோம். ஐந்நூறு பேர் உள்ள ஊருக்கு 50, பத்தாயிரத்தைத் தாண்டிய ஊருக்கு 300. மீதி உங்களுக்கே நினைவிருக்கும்.

இந்த வாரம் ஏரிப் பராமரிப்பு என்று சொல்லியிருந்தேன். உத்திரமேரூரின் ஏரி வாரியத்தைத் தேடித்தான் கல்வெட்டுப் பக்கம் போனேன். போன இடத்தில் ஓர் உறவுமுறைப் பட்டியல் பிடித்துக்கொண்டது.

முதலாம் பராந்தக சோழன் காலம். 919இலும் 921இலும் அந்த ஊர்ச் சபை எடுத்த இரண்டு முடிவுகள் வைகுண்டப் பெருமாள் கோயிலில் வெட்டப்பட்டிருக்கின்றன. குடவோலை, முப்பது குடும்பு எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பாடப்புத்தகம் அவசரமாகக் கடந்துபோகும் இடம் ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. சரி, நியாயம். சபை அத்தோடு விடவில்லை. அவருடைய அப்பா, மகன், சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மகன், மாமன் மகன், தாய்மாமன், மாமனார், மச்சான், சகோதரியின் கணவர், அவள் பிள்ளைகள், மருமகன் என்று ஒருவர் விடாமல் தடை! தான் ஒதுங்கி மச்சானை நிறுத்தும் வித்தை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

ஓலை எடுக்கும் இடத்திலும் அதே சந்தேகம். ஒன்றும் அறியாத சிறுவன்தான் எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். வாசித்த பிறகு, அங்கிருக்கும் மற்றவர்களும் அதை வாசிக்க வேண்டும். விரல் மடங்கினால் ஓலை மாறிவிடும் என்று யோசித்த ஊர் அது.

உடனே பொற்காலம் என்று எழுதிவிட வேண்டாம். அது பிரம்மதேய ஊர். கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. இன்று வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. ஆனாலும் தலைவி நாற்காலியில் இருக்க, அவர் கணவர் கோப்பைப் புரட்டும் ஊர்கள் இருக்கின்றன. கல்வெட்டு பயந்த அதே வித்தை, வேறு வாசல் வழியாக.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு கூட்டம். தெருவிளக்குக்கும் சிமென்ட் சாலைக்கும் கை தூக்கும் முன், வரவு செலவைத் தலைப்பு வாரியாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்க மறுத்தால், அந்த மறுப்பையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஏரி அடுத்த வாரம்.