வாய்க்கால் மாறும்போது பயிர் வாடலாமா?

மன்னாரிலிருந்து மதவாச்சிக்குச் செல்லும் வீதியிலே அமைந்த உயிலங்குளம், கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி நெல் விளைக்கும் நிலப்பகுதியைச் சேர்ந்தது. இங்குள்ள உழவர்க்கு ஓர் உண்மையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வயலிலே பயிர் நிற்கும் காலத்தில், பழைய வாய்க்காலை முதலில் அடைத்துவிட்டுப் புதிய வாய்க்காலை வெட்டத் தொடங்குபவன் விளைச்சலைக் காணமாட்டான். பணம் பாயும் வாய்க்காலுக்கும் இவ்விதியே பொருந்தும்.

இன்று எம்மூர்களின் வாசிகசாலைகளும் மாணவர் உதவி நிதிகளும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் உறவினர் மாதந்தோறும் செலுத்தும் சிறு சந்தாக்களால் உயிர்வாழ்வதை நாம் காண்கிறோம். ஐந்து பவுணோ பத்து டொலரோ, இணையவழியே தானாக வந்து சேர்கிறது. இத்தகைய சங்கம் ஒன்றில் பொருளாளர் மாறுகிறார் என வைத்துக்கொள்வோம். அல்லது கட்டணம் குறைந்த வேறொரு நிறுவனத்தில் புதிய கணக்குத் திறக்கப்படுகிறது. பழைய கணக்கை மூடிவிடுகின்றனர். மறுமாதம் பணம் வரவில்லை. கொடுப்பவரோ தாம் கொடுத்துக்கொண்டிருப்பதாகவே எண்ணியிருக்கிறார். இடையிலே, அந்நிதியை நம்பிப் படிக்கும் பிள்ளையின் பஸ் கட்டணம் நின்றுவிடுகிறது.

இது ஏன் நிகழ்கிறது? சந்தாதாரர் கொடுத்தது பணம் மட்டுமன்று. மாதந்தோறும் எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியும் ஆகும். அவ்வனுமதி மூன்று இடங்களில் தங்கியிருத்தல் கூடும்.

முதலாவது, பேபால் போன்ற நிறுவனத்தில் உள்ள குறிப்பிட்ட கணக்கு. அங்கே பதிவான சந்தா அந்தக் கணக்குடன் பிணைந்தது. வேறு நிறுவனத்துக்கு அது தானாக இடம்பெயராது. சந்தாதாரர் புதிதாகவே பதிய வேண்டும்.

இரண்டாவது, கடனட்டை விவரங்களைக் காத்துவைத்திருக்கும் நிறுவனம். சங்கத்தின் கையிலிருப்பது அட்டை இலக்கமன்று, அதற்குரிய ஓர் அடையாளக் குறி மட்டுமே. அதைப் பிறிதொரு நிறுவனம் அறியாது. எனினும், பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட இரு நிறுவனங்கள் இசைந்தால், அட்டை விவரங்களைத் தமக்குள் நேரே கைமாற்றிக்கொள்ள இயலும். அவ்வாறு மாறினாலும், எவரிடம் எந்நாளில் எவ்வளவு பெறுவது என்ற அட்டவணையைப் புதிய இடத்தில் மீண்டும் அமைத்தல் வேண்டும்.

மூன்றாவது, சந்தாதாரர் தம் வங்கிக்கே கொடுத்த நிலையான கட்டளை. அதை மாற்ற வல்லவர் அவர் ஒருவரே.

பிரித்தானியாவிலே 2013 செப்டெம்பரில் வங்கிகளின் கணக்கு மாற்றுச் சேவை தொடங்கிற்று. ஏழு வேலை நாட்களில் வங்கிக் கட்டளைகள் அனைத்தும் புதிய கணக்குக்கு மாறுகின்றன. பழைய கணக்குக்கு வரும் பணமும் புதியதற்குத் திருப்பப்படுகிறது. ஆயின் அட்டை இலக்கத்தைக் கொண்டு எடுக்கப்படும் தொடர் கட்டணங்கள் இச்சேவையில் அடங்கா.

இந்தியாவின் அனுபவம் வேறு. அட்டைவழித் தொடர் கட்டணங்களுக்கான ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2021 ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவித்தல் வேண்டும். 5,000 ரூபாவுக்கு மேற்பட்டால் ஒவ்வொரு முறையும் அட்டைக்குரியவர் ஒப்புதல் அளித்தல் வேண்டும். அவ்வெல்லை 2022 ஜூனில் 15,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. புதிய முறைப்படி பதியப்படாத பழைய அனுமதிகள் செல்லாமற் போகவே, சந்தாக்கள் பல நின்றன. அனுமதியைப் புதுப்பிக்காத இடத்தில் பணம் நிற்கும் என்பதே இதன் பாடம்.

ஆதலின் கணக்கு மாற்றுவோர் செய்யத்தக்கது யாது? முதலில் புதிய கணக்கைத் திறந்து, ஒரு சிறு தொகையால் சோதித்துப் பார்க்கலாம். இனிச் சேர்வோரை அங்கேயே பதியலாம். பழையவர்களின் பட்டியலை எடுத்து, எவருடைய தவணை எந்நாளில் முடிகிறது எனக் குறித்து, அதற்கு அடுத்த நாளைப் புதிய தொடக்கமாக வைக்கலாம். ஒருவர் புதிய இடத்தில் பதிந்தது உறுதியானவுடன், அடுத்த தவணை எடுக்கப்படுமுன் அவருடைய பழைய சந்தாவை நீக்குதல் வேண்டும். இவ்வொழுங்கு தவறினால், ஒரே மாதத்தில் இருமுறை பணம் எடுக்கப்பட்டு, கொடுத்தவர் மனம் கசந்துபோவார்.

கடைசிச் சந்தாதாரர் மாறும்வரை பழைய கணக்கு திறந்தே இருக்கட்டும். அதன் பின்னரும் சில மாதங்கள் அதிற் சிறிது பணம் இருத்தல் நன்று. பேபாலில் செலுத்தியவர் 180 நாட்கள் வரை முறையிட இடமுண்டு. பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் அக்கணக்கே உதவும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. “உமது அட்டை விவரங்களை மீண்டும் தருக” என்ற செய்தியை மோசக்காரரும் அனுப்புகின்றனர். எனவே சங்கத்தார் எவரிடமும் அட்டை இலக்கத்தைக் கேட்கலாகாது. மாற்றம் நிகழுமுன்னரே காரணத்தையும் நாளையும் எழுதித் தெரிவித்து, சந்தாதாரர் நன்கறிந்த ஒருவர் தொலைபேசியில் அழைத்துப் பேசுவது சாலச் சிறந்தது. கணினி கற்ற மாணவர்கள் விடுமுறை நாட்களில் இப்பணியிலே பெரியோர்க்குத் துணைநிற்கலாம்.

கேளாமல் மாற்றினால் சந்தா ஓசையின்றி நின்றுபோகும். கேட்டு மாற்றினால் நிற்பவர் சிலரே. மாதம் ஐந்து பவுண் கொடுப்பவர் தம் ஊரோடு கொண்ட உறவையும் அதனோடு சேர்த்தே அனுப்புகிறார். அவரிடம் மீண்டும் ஒரு முறை அனுமதி கேட்பதில் எமக்கு இழுக்கொன்றுமில்லை.