பின் சீட்டுக்கும் சீட் பெல்ட் தேவையா? மோதும் அந்த நொடியில் நடப்பது என்ன?

"முன்னாடி உட்கார்ந்தா போலீஸ் பிடிப்பாங்க. பின்னாடிதானே இருக்கோம், பெல்ட் எதுக்கு?" கால் டாக்ஸியில் ஏறும் பலரின் மனக்கணக்கு இதுதான். அது எவ்வளவு தப்பு என்று காட்டியது, 2022 செப்டம்பர் 4-ம் தேதி நடந்த விபத்து.

டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி சென்ற மெர்சிடிஸ் பென்ஸ் கார், மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் பாலத்துத் தடுப்புச் சுவரில் மோதியது. முன் சீட்டில் இருந்த இருவரும் படுகாயத்துடன் உயிர் தப்பினர். பின் சீட்டில் இருந்த மிஸ்திரியும் இன்னொருவரும் உயிரிழந்தனர். அவர்கள் இருவருமே சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தனர்.

மோதும்போது என்ன ஆகிறது?

50 கி.மீ. வேகத்தில் போகும் கார் சுவரில் மோதி நின்றுவிடும். உள்ளே இருப்பவரின் உடல் நிற்காது. அதே வேகத்தில் முன்னால் பாயும். இது சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது மூன்றாவது மாடியில் இருந்து கீழே விழுவதற்குச் சமம். "கையை ஊன்றிச் சமாளிச்சுக்கலாம்" என்பதெல்லாம் நடக்காது. 70 கிலோ எடையுள்ள ஒருவரை 0.1 நொடியில் நிறுத்த, ஏறக்குறைய 1 டன் எடையைத் தாங்கும் பலம் வேண்டும்.

அந்தப் பலத்தைத்தான் பெல்ட் தருகிறது. தோள், மார்பு, இடுப்பு ஆகிய உறுதியான எலும்புப் பகுதிகளில் அடியைப் பிரித்துவிடுகிறது. இந்த மூன்று முனை பெல்ட்டை வால்வோ பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். 1959-ல் அது கார்களில் அறிமுகமானது.

ஏர்பேக் இருக்கே, போதாதா?

போதாது. ஏர்பேக், பெல்ட்டுக்குத் துணை மட்டுமே. பெல்ட் போடாமல் முன்னால் பாயும் ஒருவர், வேகமாக விரியும் ஏர்பேக்கிலேயே மோதிக் காயமடையலாம். பின் சீட்டில் பெல்ட் போடாதவர், முன்னால் இருப்பவரின் முதுகில் மோதி அவர் உயிருக்கும் ஆபத்தாகலாம்.

"தீப்பிடிச்சா மாட்டிக்குவோமே?"

தீப்பிடிக்கும், தண்ணீரில் மூழ்கும் விபத்துகள் மிகக் குறைவு. அப்போதும் நினைவோடு இருந்தால்தான் வெளியே வர முடியும். மோதலில் நினைவு தப்பாமல் இருக்க உதவுவதும் பெல்ட்தான்.

எண்கள் என்ன சொல்கின்றன?

சீட் பெல்ட், காரில் இருப்பவர்களின் உயிரிழப்பு அபாயத்தை 50% வரை குறைக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முழு உத்தரவாதம் இல்லை. அதிவேக மோதலில் பெல்ட்டுக்கும் எல்லை உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் சீட் பெல்ட் அணியாமல் உயிரிழந்தவர்கள் 16,715 பேர். இதில் சரிபாதிப் பேர், 8,331 பேர், ஓட்டுநர்கள் அல்ல, பயணிகள்.

சரியாகப் போடுவது எப்படி?

கீழ்ப்பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே. மேல்பட்டை கழுத்தில் உரசாமல், தோளின் நடுவே வர வேண்டும். குழந்தையை மடியில் வைக்காமல் சைல்டு சீட்டில் உட்கார வையுங்கள்.

பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம். மீறினால் மோட்டார் வாகனச் சட்டப்படி ரூ.1,000 அபராதம். அடுத்த முறை டாக்ஸியில் ஏறும்போது பெல்ட்டின் பக்கிள் சீட்டுக்கு அடியில் புதைந்திருந்தால், "அண்ணா, இதைக் கொஞ்சம் எடுத்து விடுங்க" என்று கேளுங்கள். வண்டி அப்புறம் கிளம்பட்டும்.