நாற்காலியிலிருந்து எழும் நேரம்

நடையில் தெரியும் அறிகுறி

வயதானவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் 'கால் வழுக்கிவிட்டது' என்கிறோம். வழுக்கியது ஒரு நொடிதான். அந்த நொடியில் உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் திறன் பல ஆண்டுகளாகவே குறைந்துவந்திருக்கும். உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தத் தளர்ச்சியை முன்கூட்டியே அறிய எளிய சோதனை உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 1991-இல் கனடாவிலிருந்து வெளியான முறை இது. 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால், விழும் ஆபத்து இருக்கிறதென்று கொள்ளலாம். பேச்சுக் கொடுத்தால் நடப்பதை நிறுத்திவிடும் முதியவர்கள் அதிகம் விழுகிறார்கள் என்று 1997-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டதும் கவனத்துக்குரியது.

உழைத்த உடம்பு போதாதா?

இப்படிச் சோதித்துக் கால்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னால் திருப்பூரில் எழும் முதல் மறுப்பு, 'பனியன் கம்பெனியில் முப்பது வருசம் உழைத்த உடம்புக்கு உடற்பயிற்சி எதற்கு' என்பது. உழைப்பு உண்மை, ஆனால் எந்த உறுப்புக்கு அது வேலை கொடுத்தது என்று பார்க்க வேண்டும். ஓவர்லாக் டைலர் ஒன்றரை ஷிப்டும் உட்கார்ந்தே இருக்கிறார். செக்கிங், அயர்ன் பிரிவுகளில் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். வயதான பின் வீட்டில் தரையில் அமர்ந்து பிசிறு வெட்டுகிறார்கள். சட்டெனத் திரும்புவதற்கும், எட்டி வைத்துச் சமாளிப்பதற்கும் வேண்டிய பயிற்சி இவற்றில் இல்லை. சர்க்கரை நோய் உள்ளங்காலை மரத்துப்போகச் செய்யும். சில ரத்த அழுத்த மாத்திரைகள் சட்டென எழும்போது தலைசுற்றலைத் தரும். இத்தோடு லைன் வீட்டில் கழிப்பறை வெளியே இருந்தால், இருட்டில் ஈரப்படி ஒன்றே போதும்.

சோதனை ஜோசியம் அல்ல

இந்தச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து யார் விழுவார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பது நியாயமான ஆட்சேபம். ஆய்வுகளும் அதையே காட்டுகின்றன. அதனால்தான் கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா, நடக்கும்போது தள்ளாடுகிறதா, விழுந்துவிடுவோமோ என்ற பயம் உண்டா என்றும் கேட்க வேண்டும். கண் பார்வையையும் மாத்திரைகளையும் சரிபார்க்க வேண்டும். யாருக்கு முதலில் உதவி தேவை என்று அறியவே இத்தனையும். அந்த உதவிக்குப் பலன் உண்டு: 108 ஆய்வுகளைத் தொகுத்த 2019 காக்ரேன் மதிப்பாய்வு, உடற்பயிற்சியால் விழுதல்கள் சுமார் 23 சதவீதம் குறைவதாகக் காட்டியது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவதும், பக்கத்தில் ஆள் நிற்க, சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்பதும் வீட்டிலேயே செய்யக்கூடியவை. 'விழுந்துவிடுவீங்க, பேசாம உட்காருங்க' என்று அன்பால் சொல்வது கால்களை இன்னும் பலவீனமாக்கும்.

இந்த உதவியைக் கொண்டுசேர்க்க ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. மாத்திரை தர வரும் தன்னார்வலர் அந்த 3 மீட்டர் நடையைக் கைப்பேசியில் நேரம் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். அதிக நேரம் எடுப்பவரை அதே திட்டத்தின் இயன்முறை சிகிச்சையாளரிடம் சேர்க்கலாம். புதிய கட்டடமோ கருவியோ இதற்கு வேண்டியதில்லை. தன்னார்வலர் நிரப்பும் படிவத்தில் ஒரு வரி கூடினால் போதும்.