சாலைக்கு ஒரு பாட்டு

தீபாவளி நெருங்கிவிட்டால் நம் குழந்தைகளின் வாயில் அடிக்கடி அடிபடும் ஊர்ப் பெயர் சிவகாசி. மத்தாப்பையும் சங்குசக்கரத்தையும் பூவாணத்தையும் செய்து தரும் கைகளைப் பற்றி நாம் எப்போதேனும் நினைப்பதுண்டு. ஆனால் அவற்றை நம் ஊர்க் கடைத்தெருவரை கொண்டுவந்து சேர்ப்பவன் ஒருவன் இருக்கிறானே, அவனை நினைப்பவர்கள் மிகச் சிலரே. பண்டிகையன்று நாம் எண்ணெய் தேய்த்துக் கொண்டு நிற்கும் விடியற்காலையில் அவன் ஏதோ ஓர் ஊரின் எல்லையில், லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தூங்காத கண்களோடு உட்கார்ந்திருப்பான்.

அவனுக்கென்று ஒரு பாட்டு உண்டா? இதுவே நாம் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி. "வெடிக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நேயர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுமையாக நம்முடன் வண்டியில் ஏறிக்கொள்ளும்படி வேண்டுகிறோம். முதலில் நாம் ஏறப்போவது மாட்டுவண்டியில்.

பேட்டையும் தெம்மாங்கும்

ரயிலும் லாரியும் வருவதற்கு முன்னால் இந்தக் கரிசல் சீமையின் வியாபாரமெல்லாம் மாட்டுவண்டியின் மேல்தான் நடந்தது. சிவகாசி, விருதுபட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களிலும் நாடார் வணிகர்கள் பேட்டைகளை அமைத்திருந்தார்கள். இரவில் வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாக இருப்பதற்காக ஏற்பட்ட மதில் சூழ்ந்த இடங்கள் அவை. சரக்குக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்து அதைப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட்டார்கள். விருதுபட்டிதான் பிற்பாடு விருதுநகர் ஆயிற்று.

கரிசல் வெயிலில் பகலில் வண்டி பூட்டினால் மாடு தாங்காது. ஆகையால் பொழுது சாய்ந்த பிறகே வண்டிகள் கிளம்பும். வண்டியின் அடியில் ஒரு லாந்தர் ஆடிக்கொண்டிருக்கும். முன்னே ஒரு வண்டி, பின்னே ஒரு வண்டி. நடுவிலே நீண்ட இருள். அந்த இருளுக்குத் துணையாக வண்டிக்காரன் எடுத்துக்கொண்டதுதான் தெம்மாங்கு. தன் மாட்டின் பெருமை, வீட்டில் காத்திருப்பவளின் கோபம், சந்தையில் ஏமாந்த கதை எல்லாவற்றையும் அவன் அதில் வைத்துப் பாடினான். ஒருவன் பாடி நிறுத்தினால் அடுத்த வண்டிக்காரன் தொடருவான். தொடரவில்லையென்றால் அவன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம்! பாட்டு அவர்களுக்குப் பொழுதுபோக்காகவும் இருந்தது, காவலாகவும் இருந்தது.

எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் கட்டிய இந்தப் பாட்டுகளை ஏளனம் செய்த பண்டிதர்கள் உண்டு. பெர்ஸி மாக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி அலைந்து திரட்டிய நாட்டுப் பாடல்களை ஸ்ரீ கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்து, 1958-ல் 'மலையருவி' என்ற பெயரில் வெளியிட்ட பிறகே இந்தச் செல்வத்தின் அருமை பலருக்குப் புரிந்தது. பின்னர் ஸ்ரீ நா. வானமாமலை அந்தப் பணியை மேலும் விரிவாகச் செய்தார்.

வண்டி மாறியது

1922-ஆம் வருஷம் சிவகாசியிலிருந்து ஸ்ரீ அய்ய நாடார், ஸ்ரீ சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு வருவதே அவர்களது நோக்கம். அந்நிய நாட்டுத் தீக்குச்சியால் இந்தியாவின் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்த காலம் அது. அடுத்த வருஷமே அவர்கள் திரும்பிவந்து தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. பெட்டியின் மேல் ஒட்டும் படத்துக்காக அச்சுக்கூடம் வந்தது. மழை குறைந்த அந்தப் பூமிக்கு வறட்சியே வரமாயிற்று. இன்று இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பெரும் பங்கு சிவகாசியைச் சுற்றிய பிரதேசத்திலிருந்தே போகிறது.

அத்தனையும் லாரியிலே போகிறது. கன்யாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, சிவகாசிக்கு அருகே சாத்தூர் வழியாகவும் விருதுநகர் வழியாகவும் செல்கிறது. டில்லி போய்ச் சேர 2,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். அந்த வழியில் எத்தனை பாஷைகள், எத்தனை விதமான சாப்பாடு, எத்தனை சோதனைச் சாவடிகள்! இமயம் முதல் குமரிவரை ஒரே தேசம் என்று நாம் மேடையில் பேசுகிறோம். லாரிக்காரனோ அதைச் சக்கரத்தால் அளந்து பார்த்தவன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெடிபொருள் ஏற்றிய வண்டியில் புகை பிடிக்கக் கூடாது என்பது சட்டம். தேசம் முழுவதற்கும் நெருப்பைச் சுமந்து செல்கிறவன், தன் தூக்கத்தைக் கலைக்க ஒரு பீடி பற்றவைக்க முடியாது. அவனுக்கு மிஞ்சியிருப்பது தேநீரும் பாட்டுந்தான்.

ஆனால் என்ன பாட்டு? மாட்டின் கழுத்து மணி தெம்மாங்குக்குத் தாளம் போட்டது. லாரியின் எஞ்சினோ பாடுகிறவன் குரலையே விழுங்கிவிடுகிறது. பாடிக்கொண்டிருந்தவன் அன்று முதல் கேட்கிறவன் ஆனான். ஒலிநாடாப் பெட்டி வந்தது. சினிமாப் பாட்டு வந்தது. 1976-ல் 'அன்னக்கிளி' என்ற படத்தின் மூலம் பண்ணைப்புரத்து இளையராஜா நாட்டுப்புற மெட்டுகளைத் திரையில் ஏற்றியபோது, வண்டிக்காரனுடைய பழைய சொத்து சுற்றிச் சுற்றி மறுபடியும் அவனிடமே வந்து சேர்ந்தது. ஆனால் திரும்பி வந்தது மெட்டு மட்டுந்தான். தன் வழியையும் தன் கஷ்டத்தையும் தானே சொல்லிக்கொண்ட வார்த்தைகள் வழியிலேயே தங்கிவிட்டன. 1995-ல் வந்த 'பாட்ஷா' படத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பாட்டுக் கிடைத்தது. ஆயுத பூஜையன்று ஆட்டோ நிறுத்தங்களில் அது இன்றும் முழங்குகிறது. ஒரு தொழிலாளிக்குத் தன் தொழிலைப் பற்றிய பாட்டு எவ்வளவு பெருமை தருகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அமெரிக்க லாரிக்காரன்

இந்த விஷயத்தில் அமெரிக்கா நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. சாலையோர விடுதிகளில் லாரி ஓட்டிகள் வந்தவுடனே காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் பெட்டியை நாடுவதைக் கண்ட டெட் டாஃபன் என்ற இசைஞர், அவர்களுக்கென்றே ஒரு பாட்டை எழுதினார். 1939-ல் அது இசைத்தட்டாக வெளிவந்தது. 1963-ல் டேவ் டட்லி என்பவர் 'சிக்ஸ் டேஸ் ஆன் தி ரோட்' என்ற பாட்டைப் பாடினார். ஆறு நாள் சாலையிலேயே கழித்துவிட்டு வீடு திரும்புகிறவனுடைய பாட்டு அது. அதை எழுதிய ஏர்ல் கிரீன், கார்ல் மான்ட்கோமரி இருவருமே லாரி ஓட்டிப் பிழைத்தவர்கள்! அவர்கள் எழுதியதில் பொய் கலக்க இடமில்லை.

பின்னர் 'ராக்' என்னும் புது இசைக்காரர்களும் இந்த நாட்டுப்புறப் பாணியைத் தழுவிக்கொண்டார்கள். 'ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ்' என்ற குழு 1969-ல் அதே பாட்டைப் பெருங்கூட்டத்தின் நடுவே பாடியது. 1971-ல் 'லிட்டில் ஃபீட்' குழுவைச் சேர்ந்த லோவெல் ஜார்ஜ், களைத்துப்போன ஒரு லாரிக்காரனின் வாய்மொழியாக ஒரு பாட்டைத் தந்தார். 1973-ல் பெட்ரோலியப் பஞ்சம் வந்து, மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று அந்நாட்டு அரசாங்கம் சட்டம் செய்தபோது ஓட்டிகளுக்கு உண்டான ஆத்திரத்தை வைத்து 1975-ல் 'கான்வாய்' என்ற பாட்டு எழுந்தது. மறுவருஷத் தொடக்கத்தில் அது தேசத்திலேயே முதலிடம் பெற்றது. லாரிக்காரனின் குறையைத் தேசம் முழுவதும் காது கொடுத்துக் கேட்டது என்றே சொல்லலாம்.

அங்குள்ளதெல்லாம் நமக்கு ஆகும் என்று நாம் சொல்லவில்லை. மாத்திரையை விழுங்கி விழித்திருப்பதையும், சட்டத்தை ஏமாற்றி விரைவதையும் வீரமாகப் பேசும் அடிகள் அந்தப் பாட்டுகளில் உண்டு. அவை நமக்கு வேண்டாம். நம் நாட்டில் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று விதித்தது. நெடுவழி லாரியில் அந்தச் சட்டம் எவ்வளவு தூரம் கூடவே பயணம் செய்தது என்பதை லாரிக்காரனைத்தான் கேட்க வேண்டும். அவன் அதைப் பாட்டிலே சொன்னால் ஒருவேளை நாம் கேட்போம்.

நாமக்கல் தந்த நம்பிக்கை

சாலைக்குப் பாட்டு எழுதுவது தமிழனுக்குப் புதிதா? 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்ட தொண்டர்கள் ஏறக்குறைய 150 மைல் தூரம் நடந்தார்கள். அவர்களுடைய கால்களுக்கு வலிமை தந்தது நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை எழுதிய வழிநடைப் பாட்டு. தடியடியை அஞ்சாமல் நடப்பதற்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. அதே நாமக்கல் இன்று எதற்குப் பெயர் பெற்றிருக்கிறது, தெரியுமா? லாரிகளுக்கு! கூண்டு கட்டுவதும் லாரி ஓட்டுவதும் அந்த வட்டாரத்தின் ஜீவனமாக இருக்கின்றன. கவிஞரின் ஊரும் லாரியின் ஊரும் ஒன்றாக இருக்க, இரண்டும் ஒன்றையொன்று பாராமல் இருப்பதுதான் விந்தை.

நம் யோசனை மிகச் சிறியது. ஆயுத பூஜையன்று லாரிப் பட்டறைகளில் வண்டிக்கு மாலையிட்டுப் பொட்டு வைக்கிறோம். அன்றைக்கு ஓட்டிகளையும் கிளீனர்களையும் உட்காரவைத்து, அவர்கள் கண்ட வழியைப் பற்றி அவர்கள் வாயாலேயே பாடச் சொல்லலாம். நல்ல பாட்டுகளைச் சிவகாசி அச்சுக்கூடங்கள் ஓர் ஒற்றைத் தாளில் அச்சிட்டுத் தரலாம். லக்ஷக்கணக்கில் காலண்டர் அச்சிடுகிற ஊருக்கு அது ஒரு பாரமா?

இந்தத் தீபாவளிக்குக் குழந்தையின் கையில் மத்தாப்பைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "இதைக் கொண்டுவந்தவர், வழி நெடுக ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்காமல், இருட்டிலேயே வந்தார், கண்ணே!" குழந்தை அவரைப் பற்றி மேலும் கேட்கும். பதில் சொல்ல நம்மிடம் ஒரு பாட்டு இருக்க வேண்டும்.