பதின்மூன்று நாள்... இருபத்து மூன்று ஆண்டு!

‘உள்ளே போய் வந்தவன்!’

நம் தோட்டத்து லயங்களில் ஓர் இளைஞனைப் பற்றி இந்த வார்த்தை விழுந்துவிட்டால் போதும். பெண் கொடுக்க யோசிப்பார்கள். வேலை கேட்டுப் போனால் கையை விரிப்பார்கள். அவன் செய்தானா, செய்யவில்லையா என்று கேட்பார் யாருமில்லை. கோலா கங்சாரிலிருந்து தைப்பிங் சிறை அதிகத் தூரமில்லை. 1879இல் எழுந்த அந்தச் சிறையின் மதிலைப் பார்த்து, “யார் பெற்ற பிள்ளையோ” என்று பெருமூச்சு விடும் தாய்மார்கள்கூட, அந்தப் பிள்ளை விடுதலையாகிப் பக்கத்து வீட்டுக்கே வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்!

அப்படி உள்ளே போய் வந்த ஒருவர்தான் மு. சந்திரகுமார். கோயம்புத்தூர்க்காரர். வெற்றிமாறனின் ‘விசாரணை’ படத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்களில் எத்தனை பேருக்கு, அதன் முற்பாதி ஓர் ஆட்டோ ஓட்டுநரின் சொந்த வாழ்க்கை என்று தெரியும்?

பத்தாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது. வீட்டை விட்டு ஓடினார். ஊர் ஊராக அலைந்து, கடைசியில் ஆந்திராவின் குண்டூரில் ஒரு சிறிய ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். தோட்டம் துண்டாடப்பட்ட பின் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் பிழைப்புத் தேடிப் போன நம் பிள்ளைகளின் கதைதான் இதுவும். ஒரு வித்தியாசம், அங்கே பேசிய தெலுங்கு அவருக்கு அந்நிய மொழி.

1983இல் போலீஸ் அவரையும் நண்பர்களையும் பிடித்தது. ஒரு திருட்டு வழக்கு. செய்யாத திருட்டைச் செய்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்! அதற்காகப் பதின்மூன்று நாள் லாக்கப்பில் அடி, உதை. அதன் பிறகு குண்டூர் சிறையில் ஐந்தரை மாதம். அப்போது அவருக்கு இருபதை ஒட்டிய வயது.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அடித்தவர்கள் அந்த இளைஞனிடம் கேட்டது என்ன? ஒரு கதை! எங்கே நுழைந்தாய், எதை எடுத்தாய், யாரிடம் விற்றாய் என்று ஒரு பொய்க் கதை. சொன்னால் அடி நிற்கும். சொன்னால் ஆயுள் முழுவதும் திருடன். தன்னைப் பற்றி மற்றவர்கள் எழுதி வைத்த கதைக்குத் தலையாட்டுவதா, உள்ளதைச் சொல்லி உதைபடுவதா? பின்னாளில் அவர் எழுத்தாளரானதன் வேர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தியச் சட்டப்படி, போலீசாரிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்காது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே இதைச் சொன்னது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனமும் சொல்கிறது. ஏட்டில் எல்லாம் இருந்தது. லாக்கப்பில் பதின்மூன்று நாளும் இருந்தது!

நம் நாட்டுக்கு வருவோம். மலேசிய அரசியல் சாசனத்தின் 5ஆவது பிரிவும் அதே 24 மணி நேரத்தைத்தான் சொல்கிறது. அதற்கு மேல் ‘லோக்காப்’பில் வைக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். ஏன் பிடித்தார்கள் என்று தெரிந்துகொள்ளவும், வழக்கறிஞரைக் கலந்து பேசவும் உரிமை உண்டு. 2009இல் சுபாங் ஜெயாவில் காவலில் இருந்த நம் இளைஞர் ஒருவர் இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. பெற்றோர் இந்த விவரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

சந்திரகுமார் வெளியே வந்ததும் பேனாவை எடுத்துவிடவில்லை. ஊர் திரும்பினார், ஆட்டோ ஓட்டினார். ‘ஆட்டோ சந்திரன்’ என்றே பெயர் நிலைத்தது. புத்தகம் வெளிவந்தது 2006இல்தான்! பதின்மூன்று நாள் பட்டது புத்தகமாக இருபத்து மூன்று ஆண்டு ஆனது. பட்டவன் உடனே பேசிவிடுவான் என்று நாம் நினைக்கிறோம். அடிபட்ட உடம்பு அத்தனை சுலபத்தில் வாய் திறப்பதில்லை. நம் வீடுகளில் ஜப்பான்காரன் காலத்துச் சயாம் ரயில் பாதையைப் பற்றித் தாத்தாக்கள் எத்தனை ஆண்டு வாயே திறக்காமல் இருந்தார்கள்!

நூலின் பெயர் ‘லாக்கப்’. கூடவே ‘சாமானியனின் குறிப்புகள்’ என்று ஒரு துணைப் பெயர். தன்னைத் தியாகி என்றோ வீரன் என்றோ அவர் சொல்லிக்கொள்ளவில்லை. சாமானியன், அவ்வளவுதான். எனக்கு அந்தத் துணைப் பெயர்தான் அதிகம் பிடித்திருக்கிறது.

அதைப் படமாக்க முன்வந்தார் வெற்றிமாறன். பிற்பாதியை அவரே புதிதாக அமைத்தார். 2015 செப்டம்பரில் இத்தாலியின் வெனிஸ் திரைப்பட விழாவில் ‘விசாரணை’ திரையிடப்பட்டது. மனித உரிமைக்காக அம்னெஸ்டி அமைப்பின் இத்தாலியக் கிளை அதற்கு விருது கொடுத்தது. சிறந்த தமிழ்ப் படம் உட்பட மூன்று இந்திய தேசிய விருதுகளும் வந்தன. அடுத்த ஆண்டு ஆஸ்கார் போட்டிக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுவே.

வெனிஸ் அரங்குக்குச் சந்திரகுமாரும் போயிருந்தார். முன்பு குண்டூரில் தன் உடம்பில் விழுந்த அடிகளை, மொழி தெரியாத மனிதர்கள் நடுவே உட்கார்ந்து திரையில் பார்த்தார். பிறகு கோயம்புத்தூர் திரும்பினார். அங்கே ஆட்டோ நின்றிருந்தது.