சாயத் தொட்டியிலிருந்து வந்த சொல்

சிறுநீர்ப் பாதையில் 'இன்பெக்‌ஷன்' என்று டாக்டர் சொன்னதும், "பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒட்டாது. ஆனாலும் அந்தக் கேள்வி எழுவதற்குக் காரணம் இருக்கிறது. அது சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது.

'இன்பெக்ட்' என்ற ஆங்கில வினைச்சொல்லின் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. அங்கே அதன் பொருள் தோய்த்தல், சாயம் ஏற்றுதல். வெள்ளைத் துணியைச் சாயத்தில் முக்கினால் நிறம் இழைக்குள் இறங்கிவிடும். பிறகு எவ்வளவு அலசினாலும் பழைய வெள்ளை திரும்பாது. இதிலிருந்து கறைப்படுத்துதல், கெடுத்தல், நஞ்சேற்றுதல் என்ற பொருள்கள் கிளைத்தன. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்தது.

அன்று கிருமிகளைப் பற்றி யாருக்கும் தெரியாது. சதுப்பு நிலத்திலிருந்தும் அழுகிய பொருள்களிலிருந்தும் எழும் கெட்ட காற்று உடலைக் கறைப்படுத்துகிறது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குச் சாயத் தொட்டியின் சொல் பொருத்தமாக இருந்தது. 1882இல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக், காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். இத்தகைய கண்டுபிடிப்புகளுக்குப் பிறகு, கிருமி உடலுக்குள் புகுந்து பெருகுவதே 'இன்பெக்ட்' என்றானது. இன்று கணினிக்குள் வைரஸ் புகுந்தாலும் ஆங்கிலத்தில் இதே சொல்தான்.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவதைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறொரு சொல் உண்டு: 'கண்டேஜியஸ்'. இதன் லத்தீன் வேருக்குத் தொடுதல் என்று பொருள். ஆக, உள்ளே புகுவது ஒன்று. பிறருக்குப் பரவுவது மற்றொன்று.

தமிழில் இவ்விரண்டுக்கும் 'தொற்று' என்ற ஒரே சொல்லைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். தொற்றுதல் என்றால் பற்றிக்கொள்ளுதல். ஓடும் பேருந்தில் தொற்றிக்கொள்வதாகச் சொல்கிறோம் அல்லவா? மலாய் மொழியிலும் ஏறக்குறைய இதே நிலைதான். 'ஜங்கித்தான்' என்பது கிருமித் தொற்று, 'பெர்ஜங்கிட்' என்பது பரவக்கூடியது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. அதனால்தான் 'தொற்று' என்று கேட்டதும் நாம் ஓரடி தள்ளி நிற்கிறோம்.

டிங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அது வைரஸ் தொற்றுதான். ஆனால் நோயாளியின் கையைப் பிடிப்பதால் வராது; ஏடிஸ் கொசு கடித்தால் வரும். எனவே விலக்க வேண்டியது நோயாளியை அல்ல, பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரை. தட்டம்மை இதற்கு நேர்மாறானது. எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் 10 பேர் நோயாளியின் அருகில் இருந்தால், அவர்களில் 9 பேர் வரை அதற்கு ஆளாகலாம்.

காசநோயில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரின் உடலில் காசநோய்க் கிருமி புகுந்திருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் வெளிப்படும். மற்றவர்களிடம் கிருமி உறங்கிக் கிடக்கும். அவர்களால் பிறருக்குப் பரவாது.

நுரையீரல் காசநோய் வெளிப்பட்டவர் இருமும்போது கிருமி காற்றில் கலந்து பரவும். தட்டு, குவளை வழியாகப் பரவாது. ஆனால் பல வீடுகளில் என்ன செய்கிறோம்? தட்டைத் தனியே ஒதுக்குகிறோம், சன்னலைச் சாத்தி வைக்கிறோம். நோயாளியின் மனம் புண்படுகிறது. காற்றோட்டமில்லாத அறையில் கிருமி தங்குகிறது. செய்ய வேண்டியது அப்படியே நேர்மாறானது: சன்னலைத் திறந்து வைக்க வேண்டும், நோயாளி முகக்கவசம் அணிய வேண்டும், மருந்தை இடையில் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். மருந்து வேலை செய்யத் தொடங்கினால், சில வாரங்களிலேயே பரவும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

அடுத்த முறை கிளினிக்கில் 'இன்பெக்‌ஷன்' என்று கேட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த வகைக் கிருமி? அது பிறருக்குப் பரவுமா? பரவும் என்றால், எந்த வழியில்? பதில் கிடைத்தால், எதை விலக்க வேண்டும், யாரை விலக்கக் கூடாது என்பது தெளிவாகிவிடும்.